இருவர் உட்காரும் பலகை

தறி அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மண்சுவர். அதைக் கட்டின புண்ணியவான் இன்னும் ஒரு சாண் கனம் வைத்துக் கட்டியிருக்கக் கூடாதா என்று அந்தக் குளிர்காலம் முழுக்கத் தாஜா திட்டித் தீர்த்தாள். கட்டினவர் அவளுடைய மாமனார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டதால் திட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் ரசாக் நெசவுச் சீட்டைப் பார்த்து உரக்கச் சொல்வான். "ரெண்டு சிவப்பு. ஒண்ணு பச்ச. மூணு வெள்ள. ஒண்ணு ஊதா." உடனே ஒரு பெண் குரல், "ஆச்சு" என்னும். மறுபடி அவன். மறுபடி அந்த "ஆச்சு." வெளிச்சம் வந்ததிலிருந்து வெளிச்சம் போகிறவரை இதே கச்சேரிதான்.

கனிஹாமா ஊரில் பூச்சால்வை நெய்கிற எந்த வீட்டிலும் இது கேட்கும். சால்வை அகலமானது. ஒரே பலகையில் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாக நெய்ய வேண்டும். ஒருவர் நிறத்தையும் கணக்கையும் சொல்ல, இருவரும் அந்தந்த நிற நூல் சுற்றிய குச்சியை இழைகளுக்குள் நுழைத்து எடுப்பார்கள். "ஆச்சு" என்றால் குச்சி நுழைந்தாயிற்று, அடுத்ததைச் சொல் என்று அர்த்தம். அதற்கு மேல் அதில் ஒரு மண்ணும் கிடையாது. ரசாக்கின் தம்பி மன்சூர் அந்தப் பலகையில் இருந்தபோது அவனும் இதே "ஆச்சு"வைத்தான் சொன்னான். மாடு செருமுகிற மாதிரி இருக்கும். தாஜா அதைக் கேட்டபடியே கீரை ஆய்ந்து, சோறு வடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்திருக்கிறாள்.

அக்ரூட் பறிப்பு முடிந்த கையோடு மன்சூர், "எனக்கு முதுகு போச்சு, நான் சுமோ வண்டி ஓட்டப் போறேன்" என்று கிளம்பிவிட்டான். தறியில் கால்வாசி நெய்த சால்வை அப்படியே நின்றது. ஸ்ரீநகரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கான சால்வை அது. வியாபாரி ஹாஜி சாகிப் தலையில் அடித்துக்கொண்டு, தானே ஊரெல்லாம் அலைந்து ஒரு ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அந்த ஆள்தான் ஷமீமா.

ஷமீமா ஓடைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டில் இருப்பவள். கட்டிக் கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூட நிற்காமல் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அழகியா என்றால் அதுவும் இல்லை. முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், குளிர் வந்தால் மூக்கு சிவந்து ஒழுகும். அழகியாக இருந்திருந்தால்கூடத் தாஜா பொறுத்துக்கொண்டிருப்பாள். அழகுக்குப் புருஷன்மார் வாய் பிளப்பது உலகத்தில் நடக்கிறதுதான், நாலு நாளில் வாய் தானாக மூடிக்கொள்ளும். இவளிடம் இருந்தது கை. குச்சி அவள் விரலுக்குள் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. அதைவிட மோசம், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிறவள்.

பொழுது சாய்ந்து ரசாக் அடுக்களைக்கு வந்து உட்காரும்போது அவன் தொண்டையில் சொல் மிச்சம் இருக்காது. தட்டில் சோறும் ஹாக் கீரையும் விழும். அவன் தலையை ஆட்டுவான். போதும் என்பதற்கும் ஆட்டல், இன்னும் என்பதற்கும் ஆட்டல்.

"நம்ம ரிஃபத்துக்கு ஸ்கூல்ல பரிசு குடுத்திருக்காங்க, தெரியுமா" என்பாள் தாஜா.

"ம்."

"கூரையில பனி ஏறிப்போச்சு. தள்ளணும்."

"ம்."

"நாள் பூரா அங்க தொண்ட கிழியக் கத்திட்டு வர்றீங்க. இங்க வந்தா ஊமையாயிடறீங்க."

"தொண்ட நோவுது தாஜா" என்பான். அதுவும் உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் அவளுக்கு எரிச்சல். மன்சூர் காலத்திலும் அவன் இப்படித்தான் ஊமையாக வந்து சாப்பிட்டான். அப்போது அது களைப்பு. இப்போது அவளுக்கு அதில் வேறு கணக்கு தெரிந்தது. தனக்கு வரவேண்டிய பேச்செல்லாம் சிவப்பும் பச்சையுமாக இன்னொருத்தி காதில் போய்க் கொட்டுகிறது என்று வயிறு எரிந்தாள்.

பனி கொட்ட ஆரம்பித்த வாரம் உப்புத் தேநீர் எடுத்துக்கொண்டு தறி அறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பலகைக்கு அடியில் ஒரே ஒரு காங்கிரி. அந்த ஒற்றைக் கனல்சட்டிக்கு இந்தப் பக்கம் ரசாக்கின் கால், அந்தப் பக்கம் ஷமீமாவின் கால். இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாஜா தேநீரை வைத்துவிட்டு வந்து, தான் மடியில் வைத்துக்கொள்ளும் காங்கிரியில் புதுக் கரியைப் போட்டு ஊதிக் கொண்டுபோய் ஷமீமாவின் பக்கம் வைத்தாள்.

"உனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கோம்மா. அடுத்தவங்க சூட்டுல எதுக்குக் குளிர் காயணும்?"

ஷமீமா நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு அக்கா?" என்றாள்.

"எனக்கு அடுப்பு இருக்கு. அதுல வேற யாரும் கால் நீட்ட மாட்டாங்க."

ரசாக் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலு வெள்ள" என்றான். "ஆச்சு" என்றாள் ஷமீமா. தாஜா திரும்பி வந்து அன்று முழுக்கக் குளிரில் நடுங்கினாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் அவள் காதில் விழுந்தது. வந்த புதிதில் ஷமீமா அவனை அண்ணன் முறை வைத்து "பாய்ஜான்" என்று கூப்பிட்டாள். பாய்ஜான், நூல் அறுந்துடுச்சு. பாய்ஜான், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. எப்போது அந்த பாய்ஜான் காணாமல் போனது என்று தாஜாவுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கவனித்தபோது, "இங்க பாருங்க" என்றும் "கேட்டீங்களா" என்றும்தான் அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளையைக் கூப்பிடுவது கட்டினவளுடைய பாத்தியதை அல்லவா? அதைக்கூட விட்டுவைக்கவில்லையே இந்தப் பாவி என்று தாஜா கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்தாள்.

பக்கத்து வீட்டு ஃபாசிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளும் தாஜாவைப் போல ராட்டைக்காரிதான். மத்தியானத்தில் இருவரும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ராட்டையைப் போட்டுக்கொண்டு நூற்பார்கள்.

"ஏன் தாஜா, சால்வ எப்ப முடியுமாம்?" என்றாள் ஃபாசி, ஒன்றும் தெரியாதவள் போல.

"செர்ரி பழுக்கற வரைக்கும் ஆகுமாம்."

"அடேயப்பா. அது வரைக்கும் அந்தப் பலக தாங்குமா?"

"தாங்காம என்ன? தேக்குப் பலகையா இல்லாட்டியும் எங்க மாமனார் செஞ்சது."

"பலகையச் சொல்லல. பாத்து இருந்துக்கோ. ஒரே வரிசைய ரெண்டு பேர் சேந்து நெய்யறப்போ மூச்சுகூட ஒண்ணாத்தான் போகும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்."

"உங்க வீட்டுக்காரர் தறியில உக்காந்ததே இல்லியே அக்கா. ரேஷன் கடையிலல்ல இருந்தார்?"

"அதனாலதான் அவர் என்கூடவே இருக்கார்" என்று சொல்லிவிட்டு ஃபாசி நூலை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். தாஜாவுக்குச் சுருக்கென்றது. செர்ரி பழுக்கிற வரைக்கும். பனி உருகி, பாதாம் பூத்து, கடுகு வயல் மஞ்சளாகி, அதற்கப்புறம் செர்ரி. அத்தனை நாளும் அந்தச் சுவர் அவள் தலைமாட்டில் பேசிக்கொண்டே இருக்கும்.

அன்றுதான் அந்த யோசனை அவளுக்குள் புகுந்தது.

தாஜா ஸ்ரீநகர் ஈத்கா பக்கத்துப் பெண். அவள் அப்பாவும் நெசவாளிதான், பூ இல்லாத சாதாச் சால்வை நெய்தவர். நூல் கொஞ்சம் தடித்து வந்தால் அப்பா ஒரே குஷியாகிவிடுவார். துணி மளமளவென்று ஏறும், நீளம் சீக்கிரம் வரும், தறியிலிருந்து இறக்கிவிட்டு மாலையில் படகுத்துறைப் பக்கம் போய்விடுவார். இந்தக் கல்யாணச் சால்வைக்கு முதல் பாகத்துக்கான நூல் தீரப்போகிறது. அடுத்த பாகத்துக்கு ஹாஜி கொடுத்த ஆட்டு ரோமம் தாஜாவின் மடியில்தான் கிடக்கிறது. நூற்கப்போவது அவள்தான். நூல் தடித்தால் துணி வளரும், துணி வளர்ந்தால் சால்வை முடியும், சால்வை முடிந்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி போய்ச் சேருவாள்.

கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் அதிலுள்ள ஓட்டை அவளுக்கே தெரிந்திருக்கும். பொறாமை பிடித்த மண்டைக்குள் நிதானம் எங்கே நுழையும்?

சும்மா சொல்லக்கூடாது, தாஜாவின் நூல் அந்த வட்டாரத்தில் பேர் போன நூல். அரிசி மாவில் புரட்டி, சிக்கெடுத்து, விரலுக்கும் காற்றுக்கும் மட்டும் தெரிகிற மாதிரி இழுப்பாள். ஹாஜி வேறு யாருடைய நூலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார், தாஜாவின் நூலை நேரே பைக்குள் போடுவார். அப்படிப்பட்டவள் தடித்து நூற்க உட்கார்ந்தாள். விரல் கேட்கவில்லை. இழுத்துப் பழகிய விரல் தன்பாட்டுக்கு மெலிதாக இழுத்துக்கொண்டே போனது. நிறுத்தி, ரோமத்தைக் கூட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினாள். கண்ணுக்கு உறுத்தாத அளவில் ஒரு பிசிறு தடிப்பு, அவ்வளவுதான் வேண்டும். அதற்கே அவள் மெல்லிய நூலுக்குப் படாத பாடெல்லாம் பட்டாள். பக்கத்தில் இருந்த ஃபாசி ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, இன்னிக்கு ராட்டை இப்படி உறுமுது?"

"எண்ணெ போடல" என்றாள் தாஜா.

நூல் ஸ்ரீநகருக்குப் போய்ச் சாயம் ஏறித் திரும்பி வந்தது. தாஜாவே குச்சிகளில் சுற்றிக் கொடுத்தாள். அந்த நூலைத் தறியில் ஏற்றின காலையில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இப்போது யாராவது ஒருவர், "இது என்ன நூல்" என்று கேட்பார்கள். சாயக்காரன்மேல் பழி போடலாமா, ரோமம் சரியில்லை என்று சொல்லலாமா என்று பதிலெல்லாம் தயார் செய்துவைத்திருந்தாள்.

"ஒண்ணு சிவப்பு" என்றான் ரசாக்.

பதில் வரச் சற்றுத் தாமதமானது. குச்சி நுழைகிற நேரத்தைவிட ஒரு மூச்சு அதிகம். பிறகு, "ஆச்சு" என்றாள் ஷமீமா.

"ரெண்டு பச்ச."

"ஆச்சு."

யாரும் எதுவும் கேட்கவில்லை. தாஜா நெஞ்சைத் தடவிக்கொண்டு போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பாகக்கூட வந்தது.

துணி வளர்ந்தது. தேநீர் கொண்டுபோகிற சாக்கில் அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். பூவின் முகம் தரையைப் பார்த்திருக்கும், மேலே தெரிவது முதுகுப் பக்கத்து நூல் குழப்பம்தான். அவளுக்குப் பூவா முக்கியம்? உருளையில் சுற்றின துணி தடித்துக்கொண்டே போனது. பாதாம் பூக்கும் முன்னாலேயே முடிந்துவிடும்போல் இருந்தது. ஷமீமா வாசலில் செருப்பைக் கழற்றும்போது தாஜா இப்போதெல்லாம் சிரித்த முகமாக, "வாம்மா" என்றாள். போகப்போகிறவளுக்கு ஒரு சிரிப்பு கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

பனி உருகித் தெருவெல்லாம் சேறாக இருந்த ஒரு நாள் ஹாஜி சாகிப் வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "பிரிச்சுக் காட்டு பாக்கலாம்" என்றார். ரசாக் உருளையைத் தளர்த்தித் துணியைப் புரட்டினான். தாஜா தேநீர்ச் சமோவாரும் கையுமாக வாசலில் நின்றாள்.

ஹாஜி முதலில் மன்சூர் காலத்துப் பூக்களைப் பார்த்தார். மாங்காய் போல வால் வளைந்த பாதாம்கள், வரிசை வரிசையாக, குண்டு குண்டாக. தலையை ஆட்டினார். அதைத் தாண்டிப் புது நூலில் நெய்த பூக்கள் வந்தன. ஆட்டின தலை நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரசாக், இது என்ன?"

"பாதாம், ஹாஜி சாகிப்."

"பாதாமா? வெள்ளரிக்காய்னு நெனச்சேன். கல்யாணப் பொண்ணு இதப் போத்திட்டு வந்து உக்காந்தா பந்தியில உப்பும் மிளகாயும் கேப்பாங்கப்பா."

அவர் ஒரு நூலை நகத்தால் நிமிண்டி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். அவர் முகம் மாறியது. கோபம்கூட இல்லை, யாரோ இறந்த செய்தி கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

"பிரிக்கணும்" என்றார். "இந்த நூல் தொடங்கின இடம் வரைக்கும் பிரிக்கணும்."

தாஜா வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் அவளால் முடியவில்லை.

"ஹாஜி சாகிப், அதான் நீளம் வந்துடுச்சே. சால்வை முடியப்போகுதே. இப்பப் போய்ப் பிரிக்கறதா?"

ஹாஜி அவளைத் திரும்பிப் பார்த்தார். "எதும்மா முடியப்போகுது? நீளத்த வெச்சா பூச்சால்வ முடியும்? சீட்டுல எத்தன வரிச இருக்கோ அத்தன வரிச நெய்ஞ்சாத்தான் முடியும். சீட்டுல பாதி அப்படியே கிடக்கு. நூல் தடிச்சா பூதான் நீளும், நாள் ஒண்ணும் குறையாது. உங்க அப்பா நெய்ஞ்சது சாதாச் சால்வ, நீளம் வந்தா அறுத்து இறக்கிடலாம். இத இப்படியே முடிச்சா பொண்ணு வாசல் தாண்டினாலும் சால்வ அடுக்களையில கிடக்கும்."

தாஜா சமோவாரைக் கீழே வைத்தாள். செர்ரி பழுக்கும்போது முடிய வேண்டியதை அவளே அடுத்த பனிக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். அந்தப் பலகையில் அவர்கள் இரண்டு பேரையும் இன்னும் இத்தனை மாதம் உட்கார்த்தி வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய பத்து விரல்தான்.

"இது உன் கை நூல்தானா தாஜா?" என்றார் ஹாஜி.

"ஆமா."

"கண்ண மூடிட்டு வாங்குவேனே" என்று மட்டும் சொன்னார். அது போதும், அவள் தலை தானாகக் குனிந்தது. பிறகு அவர் பலகையைப் பார்த்துத் திரும்பினார். "அவ நூத்தா, சரி. உங்க ரெண்டு பேருக்கும் என்ன? விரல் மரத்துப்போச்சா? முதல் குச்சி நுழைக்கறப்பவே தெரிஞ்சிருக்குமே."

ஷமீமா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுது, ஹாஜி சாகிப்."

"தெரிஞ்சுதா? பின்ன ஏன் சொல்லல?"

"அவர் சொல்வார்னு இருந்தேன்."

ஹாஜி ரசாக்கைப் பார்த்தார். அவன் கையிலிருந்த குச்சியைப் பார்த்தபடி, "அவ சொல்வான்னு இருந்தேன்" என்றான்.

"நல்லா இருந்தீங்க போங்க. ரெண்டு மடையங்களச் சேத்து ஒரு பலகையில உக்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று ஹாஜி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் காதுக்கு அது மடத்தனமாகத்தான் பட்டது. தாஜாவுக்கு அப்படிப் படவில்லை. இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. நெய்வதெல்லாம் ஒரு நாள் பிரிக்கப்படும், பிரித்தால் மறுபடி நெய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் அவன் "ரெண்டு சிவப்பு" என்றான், அவள் "ஆச்சு" என்றாள்.

சாயங்காலம் ரசாக் சாப்பிட வந்தான். மகள் ரிஃபத் ஃபாசி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். தாஜா சோற்றைப் போடவில்லை.

"ஏன் சொல்லல?"

"உனக்கு விரல்ல ஏதோ நோவுன்னு நெனச்சேன்" என்றான் அவன். "இத்தன வருஷத்துல உன் நூல்ல ஒரு பிசகு கிடையாது. சொன்னா மனசு ஒடஞ்சிடுவியேன்னு இருந்துட்டேன்."

நல்ல பதில். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் தாஜா அழுதிருப்பாள். அவள் எழுந்து போய் ராட்டையை இழுத்துப் போட்டு, ஒரு கைப்பிடி ரோமத்தை எடுத்து அவன் கண்முன்னால் இழுத்தாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூல் நீண்டுகொண்டே போனது.

"இந்த விரலுக்கா நோவு?"

அவன் நூலைப் பார்த்தான்.

"நோவெல்லாம் ஒண்ணும் இல்ல, ரிஃபத் அப்பா. வேணும்னேதான் தடிச்சு நூத்தேன்."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். எதற்கு அப்படிச் செய்தாய் என்று கேட்பான், கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், அவன் சிரிப்பான் அல்லது அடிக்கக் கை ஓங்குவான், எதுவானாலும் சரி. அவன் கேட்கவில்லை. கேட்காதவனுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். காரணமும் தெரிந்து, வாயையும் மூடிக்கொண்டு, அந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். ராட்டை தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"சோறு போடு தாஜா" என்றான் கடைசியில், மெதுவாக.

அவள் போட்டாள்.

மறுநாள் காலையில் ஷமீமா வந்தபோது தாஜா தறிப் பலகையில் ரசாக்கின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ரசாக்கை ஆப்பிள் தோட்டத்துக்கு மருந்தடிக்க அனுப்பிவிட்டிருந்தாள். ஷமீமா வாசலில் தயங்கினாள்.

"என்ன பாக்கற? பிரிக்கறதுக்குச் சீட்டு படிக்க வேண்டியதில்ல. என் நூல், நானே பிரிக்கறேன். வந்து உக்காரு."

ஷமீமா வந்து உட்கார்ந்தாள். பலகை குறுகலானது. இரண்டு பேருடைய பெரன் அங்கியும் ஒன்றோடு ஒன்று உரசியது. இப்படித்தான் அவனுக்கும் உரசியிருக்கும் என்று தாஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவர் ஏன் சொல்லலன்னு அவர்கிட்ட கேட்டுட்டேன். நீ ஏன் சொல்லல?"

ஷமீமா பொய் சொல்லத் தெரியாதவள் போலும், அல்லது சொல்லிச் சலித்தவள். "சொன்னா வேல சீக்கிரம் முடிஞ்சிடுமே அக்கா" என்றாள்.

"முடிஞ்சா என்ன?"

"அண்ணன் வீட்டுக்குப் போகணும். அங்க என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க. 'அதுகிட்ட குடு, அதுக்கு ஊத்து'ம்பாங்க. இங்க ஒருத்தர் நாள் பூரா எங்கிட்ட சொல்றார், நான் பதில் சொல்றேன். சிவப்பு, பச்சதான். இருந்தாலும்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேற ஒண்ணும் கிடையாது அக்கா. குரான் மேல சத்தியமா..."

"சத்தியம் வேணாம்" என்றாள் தாஜா.

அவள் நம்பினாள். வேறு ஒன்றும் கிடையாது என்பது அவளுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளியிருக்கலாம், ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். ஒன்றுமில்லாததை எப்படித் தெருவுக்கு இழுப்பது?

பிரிக்கிறதற்கு முன்னால் துணியின் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பலகையிலிருந்து இறங்கி, பெரனைச் சுருட்டிக்கொண்டு, தறிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். தலைக்கு மேலே ஒரு முழத் தூரத்தில் பூக்கள் விரிந்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் அவற்றின்மேல் விழுந்தது.

அவள் தப்பைத் தேடினாள். பிரிக்கப்போகிற துணி என்று தெரிந்து நெய்கிறவர்கள் யாராக இருந்தாலும் கொஞ்சம் அலட்சியமாகத்தான் நெய்வார்கள். ஒரு இழை தாண்டியிருக்கும், ஒரு இலை கோணியிருக்கும். வரிசை வரிசையாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். நீண்டுதான் இருந்தன, வெள்ளரிக்காய்தான். ஆனால் ஒவ்வொரு வெள்ளரிக்காயும் கல்யாணப் பெண்ணின் தோளில் போய் உட்காரப்போகிற மாதிரி, வால் நுனிவரைக்கும் பிசகில்லாமல் இருந்தது.

பிறகு நடுவே பார்த்தாள். இரண்டு பேர் நெய்கிற சால்வையில் நடுவில் ஒரு கோடு இருக்கும். இரண்டு கைக்கு ஒரே கனம் இருக்காது, ஒருவர் இழுப்பு இறுக்கம், இன்னொருவர் இழுப்பு தளர்ச்சி. வெளியாளுக்குத் தெரியாது, நூல்காரிக்குத் தெரியும். அண்ணனும் தம்பியுமாக நெய்த கால்வாசியில் அந்தக் கோடு நன்றாகவே தெரிந்தது, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்றாலும். அதற்கு மேலே வந்த துணியில் தாஜா தேடினாள். கண்ணால் தேடிக் கிடைக்காமல் நகத்தால் தேடினாள். ரசாக் எங்கே முடிகிறான், ஷமீமா எங்கே தொடங்குகிறாள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஷமீமா மேலிருந்து குனிந்து பார்த்தாள்.

"என்ன அக்கா, ஏதாவது பிசகியிருக்கா?"

"இல்ல" என்றாள் தாஜா. "ஒண்ணும் பிசகல."

எழுந்து வந்து பலகையில் உட்கார்ந்தாள். தலையில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டாள். ஷமீமா ஊசியை எடுத்து அவளிடம் ஒன்று கொடுத்து, தனக்கு ஒன்று வைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து தொடங்கலாம் அக்கா? என் பக்கமா, அவர் பக்கமா?"

"நடுவுலேர்ந்து" என்றாள் தாஜா.